முப்பத்துமூன்றும் முப்பத்தெட்டும்

மணவூர் ஸ்டேஷனை ஒட்டி சைக்கிள் கடை வைத்திருந்த பால் என்பவருக்கு மூன்று பெண்கள். நடுப்பெண் பிரிஸில்லா. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, அம்பத்தூரில் நாலு வருஷம் கம்ப்யூட்டரில் இயந்திரப் பாகங்களின் படம் வரைந்துகொண்டிருந்தாள். எலக்ட்ரீஷியன் ஆபேலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு, அவ்வளவு தூரம் போய்வர முடியாமல் திருத்தணியில் வேலை தேடினாள். அரக்கோணம் சாலையில் கங்காதரன் நடத்தும் பட்டறையில் இடம் கிடைத்தது. ஐந்து வருஷமாகக் காலை லோக்கலில் போய் மாலை லோக்கலில் திரும்புகிறாள்.

வாடிக்கைக் கம்பெனிகள் கேட்கிற பொருளுக்கு டிராயிங் போட்டுத் தருவதுதான் அவள் வேலை. மெஷின் ஓட்டுகிறவர் அதைப் பார்த்துத்தான் இரும்பைக் குடைவார். எந்த ஓட்டை விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு அளவு விட்டுப்போனால் வேலை நின்றுவிடும். பிரிஸில்லா டிராயிங்கில் எதுவும் விட்டுப்போகாது என்று பட்டறையில் ஒரு பேர் உண்டு. ஒரு அளவு இரண்டு இடத்தில் தேவைப்படுமோ என்று சந்தேகம் வந்தால் இரண்டு இடத்திலும் போட்டுவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

போன ஜூன் மாதம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து இருபத்தாறு எஃகுக் கட்டைகள் திரும்பி வந்தன. எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் இயந்திரங்களில் பொருத்துகிற கட்டை அது. ஒரு செங்கல் பருமன்தான் இருக்கும். பல பக்கத்திலிருந்தும் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைகள் உள்ளே சரியான இடத்தில் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். திரும்பி வந்த கட்டைகளில் ஒரு ஓட்டை ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது. மேலே உட்கார வேண்டிய வால்வு உட்காரவில்லை.

அந்தக் கட்டைகளைச் செய்தவர் தணிகைமணி. நாற்பத்தெட்டு வயது. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். கங்காதரன் அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டபோது பின்னாலேயே பாதிப் பட்டறையும் வாசலில் வந்து நின்றது.

"நான் பாத்து பாத்துதாங்க போட்டேன். டிராயிங்ல முப்பத்தெட்டுன்னுதான் இருந்துச்சு" என்றார் தணிகைமணி. முதல் கட்டையை அளந்து பார்க்கவில்லையா என்று கங்காதரன் கேட்டார். அளந்து பார்க்கிற ஆள் அந்த வாரம் லீவு, அதனால் தானே அளந்ததாகவும், முப்பத்தெட்டு சரியாக வந்ததாகவும் சொன்னார்.

கங்காதரன் பிரிஸில்லா பக்கம் திரும்பினார். அவள் கம்ப்யூட்டரில் டிராயிங்கைத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தில் பளிச்சென்று இருந்தது.

"டிராயிங்ல முப்பத்துமூணுதான் சார் இருக்கு."

அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தணிகைமணி திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். கண் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அவருக்கு மெஷின் இல்லை. வெட்டிய பொருளின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் ராவி எடுக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். அது வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற இடம்.

இரண்டு நாள் கழித்து வேறு ஏதோ அளவு கேட்க பிரிஸில்லா மெஷின் பக்கம் போனாள். மெஷினுக்குப் பக்கத்து இழுப்பறையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பழைய பிரிண்ட் கிடந்தது. எடுத்தாள். திரையில் பார்த்த படத்தைத் தாளில் அவள் இதற்கு முன் ஒரு தரம்கூட நின்று பார்த்ததில்லை. அவள் வரைந்தது பெரிய தாளுக்கு. பட்டறை பிரிண்டரில் நீளத்திலும் அகலத்திலும் அதில் பாதி அளவுத் தாள்தான் போகும். எழுத்தும் பாதியாகச் சுருங்கியிருந்தது. திரையில் எண் மஞ்சள், கோடு பச்சை, ஓட்டை வெள்ளை. தாளில் எல்லாமே கறுப்பு.

அந்த மூலையைத் தேடினாள். பதினோரு ஓட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இடம். அளவுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. பக்கத்து ஓட்டையின் அளவுக்காகக் கீழே இறங்கி வந்த மெல்லிய கோடு ஒன்று, இரண்டாவது மூன்றின் இடது ஓரத்தை உரசிக்கொண்டு போனது. மூன்றின் திறந்த வாய் இரண்டும் அடைபட்டிருந்தன.

முப்பத்தெட்டு. அவள் கண்ணுக்கே அது முப்பத்தெட்டாகத்தான் தெரிந்தது.

பிரிண்டை எடுத்துக்கொண்டு நேராகப் பிசிறு மேசைக்குப் போனாள்.

"அண்ணா, இப்பதான் இத பாத்தேன்."

தணிகைமணி தலை நிமிரவில்லை. "இன்னா பாத்தீங்க?"

"முப்பத்தெட்டுன்னுதான் தெரியுது."

அரத்தைக் கீழே வைத்தார். "அன்னைக்கு எல்லார் எதிர்லயும் சொன்னீங்க மேடம். இப்ப எங்கிட்ட மட்டும் வந்து சொல்லிகினு இருக்கீங்க."

அவள் பிரிண்டை மடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கங்காதரனிடம் பேசினாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் புதுத் தலைவலி எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறவர். எண் சரியாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். அப்படியானால் டிராயிங் சரி, படித்தவர்தான் தப்பு என்றார். அந்தக் கம்பெனியே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட டிராயிங் அது. நம் டிராயிங்கில் கோளாறு என்று நாமே சொல்லிக்கொண்டு போனால் மற்ற டிராயிங்குகளையும் சந்தேகப்படுவார்கள் என்றார். வீட்டில் ஆபேலும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னான். இப்போது வாயைத் திறந்தால் இருபத்தாறு கட்டையும் அவள் தலையில்தான் விழும் என்று.

விழட்டும் என்று நினைத்தாள். ஆனால் வெறும் கையோடு போனால் மறுபடியும் அதே பேச்சுத்தான் வரும். பட்டறையில் யாரிடமாவது அந்த எண்ணைப் படிக்கச் சொல்லலாம் என்றால், முப்பத்துமூன்று, முப்பத்தெட்டு சண்டை அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் படித்துப் பிரயோஜனம் இல்லை.

மறுநாள் காலை மணவூரில் லேடீஸ் பெட்டியில் ஏறினாள். பிரிண்டின் அந்த மூலையை மட்டும் மடித்துக் கையில் வைத்திருந்தாள். முகம் பழகியவர்கள்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், இரண்டு காலேஜ் பெண்கள், தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள் மூன்று பேர், திருத்தணி மலைக்கோயிலுக்குப் பூக்கூடையோடு போகிற சுலோச்சனா. ஒவ்வொருவரிடமும் பேனாவைக் கொடுத்து, அம்புக்குறி போட்ட இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னாள். பரீட்சையா என்று சிரித்தார்கள். அரக்கோணம் தாண்டுவதற்குள் ஆறு சீட்டு வந்துவிட்டது. ஆறிலும் முப்பத்தெட்டு. சுலோச்சனா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அடிச்சுட்டு மேல எழுதுனதா பாப்பா? ஒண்ணும் வெளங்கலயே" என்றாள். அதையும் அப்படியே ஏழாவது சீட்டில் எழுதிக்கொண்டாள் பிரிஸில்லா.

ஏழு சீட்டையும் கங்காதரன் மேசையில் வரிசையாக வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிச் சீட்டைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு பிரிண்டைத் தன் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"சரிம்மா. இப்ப இன்னா செய்யணும்ன்ற?"

இரண்டு காரியம் என்றாள். இந்த டிராயிங்கைப் புதிதாகப் போட வேண்டும். தணிகைமணி அண்ணன் மேல் தப்பில்லை என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். முதலில் டிராயிங்கைப் போடு, அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டால் மற்றதைப் பார்க்கலாம் என்றார் அவர். டிராயிங் போட நாளாகும், சொல்ல நாளாகாது என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பதினோரு மணி டீக்கு எல்லாரும் ஷெட்டில் கூடியிருந்தார்கள். மெஷின்கள் நின்றிருந்ததால் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு டிராயிங் சரியா இருக்குன்னு நான்தான் சொன்னேன். நம்பர் சரி. டிராயிங் தப்பு. நான் போட்டத யார் படிச்சாலும் முப்பத்தெட்டுன்னுதான் படிப்பாங்க. அண்ணன் கண்ணுல ஒண்ணுமில்ல."

பிரிண்ட் கை மாறிக்கொண்டே போனது. தணிகைமணி டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஆங்" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் பிசிறு மேசைக்குத்தான் திரும்பிப் போனார். அந்தக் கம்பெனிக்காரர்கள் வேறு ஆள் போடச் சொல்லியிருந்தார்கள். புது டிராயிங் தேறும்வரை அந்த மெஷினில் அவரை நிறுத்த முடியாது என்று கங்காதரன் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பிரிஸில்லா அந்தக் கட்டையோடு மல்லுக்கு நின்றாள். முதலில் எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தாள். இடம் கிடைத்தது, படிக்க முடியவில்லை. பெரிதாக்கினாள். படிக்க முடிந்தது, ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. பிறகு அளவுகளை எண்ண ஆரம்பித்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினாலு. அதில் ஐம்பத்தேழு, வேறு இடத்தில் ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொன்னவை. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று அவளே பார்த்துப் பார்த்துப் போட்டவை. ஒவ்வொன்றாக அழித்தாள். முதல் பத்தை அழிக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணி முழுக்கக் காவடி. ரோட்டில் வண்டி நகரவில்லை. பட்டறைக்கு மூன்று நாள் லீவு. லேப்டாப்பை மணவூருக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டாள். உருவத்துக்குள்ளே கிடந்த அளவுகளை எல்லாம் வெளியே இழுத்தாள். வெளியே வரிசை வரிசையாக அடுக்கினாள்; சின்ன அளவு உள்வரிசையில், பெரிய அளவு வெளிவரிசையில். அப்படி அடுக்கினால் கோடும் கோடும் வெட்டிக்கொள்ளவில்லை. ஒரே நேர்கோட்டில் நின்ற எண்களை ஒன்று இடதும் ஒன்று வலதுமாகத் தள்ளி வைத்தாள். எந்தக் கோடாவது எண்ணைத் தொட வந்தால் அந்த இடத்தில் கோட்டை அறுத்துவிட்டாள். எண்ணைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் வெள்ளை இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

அந்தப் பதினோரு ஓட்டை மூலை மட்டும் அடங்கவில்லை. கடைசியில் அளவுகளையே படத்திலிருந்து எடுத்துவிட்டாள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பேர் வைத்து, கட்டையின் ஒரு முனையைப் பூஜ்யம் என்று வைத்து, அங்கிருந்து பக்கவாட்டில் எவ்வளவு, மேலே எவ்வளவு, அகலம், ஆழம் என்று ஓரத்தில் அட்டவணை போட்டாள். படம் துடைத்துவிட்டது போல் ஆனது. அவளுக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

லீவு முடிந்து போனதும் கறுப்பில் பிரிண்ட் எடுத்துத் தணிகைமணியிடம் நீட்டினாள். அவர் அதை மெஷின் மேல் ஒட்டிவிட்டு, வேலை செய்யும்போது நிற்கிற இடத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் படத்தையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுத்து நல்லா தெரியுது. ஆனா ஒவ்வொரு ஓட்டைக்கும் கண்ணு இங்கேந்து அங்க போயி திரும்பி வரணும். நடுவுல யாராவது கூப்ட்டா வரி மாறிப்பூடும் மேடம். வால்வு உக்கார்ற நாலு ஓட்டை ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ தூரம்னு படத்துலயே இருந்தாதான் எனக்கு சந்தேகம் வராது."

பிரிஸில்லாவுக்கு முகம் சுருங்கியது. மூன்று நாள் உழைப்பு. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நின்ற இடத்தில் தானும் போய் நின்று பார்த்தாள். அவர் தடுமாறிய வரியிலேயே அவளும் தடுமாறினாள்.

மறுபடியும் உட்கார்ந்தாள். ஒன்றோடொன்று சேர வேண்டிய ஓட்டைகளின் அளவு படத்திலேயே இருக்கட்டும்; மற்றவை அட்டவணைக்குப் போகட்டும். நெருக்கடியான மூலையை ஒரு வட்டம் போட்டுப் பிரித்து, நாலு மடங்கு பெரிதாகத் தனியே வரைந்தாள். பெரிதாக்கியதும் முப்பத்துமூன்றுக்கு நாலாபுறமும் இடம் கிடைத்தது. அட்டவணையில் ஐந்து வரிக்கு ஒரு தரம் தடித்த கோடு போட்டாள். ஒரு தாள் மூன்று தாளாயிற்று. இந்தத் தடவை தணிகைமணி மெஷின் முன்னால் நின்றபடியே எல்லா அளவையும் வாய்விட்டுப் படித்தார். அவள் பக்கத்தில் நின்று லேப்டாப்பில் சரிபார்த்தாள். எங்கும் நிற்கவில்லை.

மூன்று தாளையும் கம்பெனிக்கு அனுப்பினாள். இரண்டே நாளில் திரும்பி வந்தது. ஒரு பொருளுக்கு ஒரு தாள் என்பதுதான் எங்கள் முறை, பழையபடியே அனுப்பவும் என்று அங்கிருந்த இன்ஜினியர் அனுராதா எழுதியிருந்தார். கங்காதரன் கைகளை விரித்தார். பிரிஸில்லா நேரில் போக அனுமதி கேட்டாள். திருவள்ளூர் போய் பஸ் மாறி ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

அனுராதாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். முப்பத்துமூன்று விவகாரத்தைக் கேட்டுவிட்டுப் பழைய பிரிண்டை வாங்கிப் பார்த்தார். "முப்பத்துமூணுதானே இது? எனக்குத் தெரியுதே" என்றார். அவருக்கு அந்தக் கட்டை மனப்பாடம். எண்ணைப் பார்க்காமலே சொல்லுவார்.

இந்தப் பதில் வரும் என்று பிரிஸில்லா நினைக்கவில்லை. அதே தாளில் கட்டையின் அடிப்பக்கத்தை வரைந்திருந்த இடத்துக்கு விரலை நகர்த்தி, யாரும் அதிகம் பார்க்காத ஒரு ஓட்டையைக் காட்டினாள். "மேடம், இது எவ்ளோ ஆழம்னு சொல்லுங்க."

அனுராதா விரலால் கோட்டைத் தொடர்ந்தார். கோடு இரண்டு ஓட்டைகளைக் கடந்து போனது. திரும்ப முதலிலிருந்து தொடர்ந்தார். தாளை மேசையில் வைத்துக் குனிந்தார். "இது இந்த ஓட்டைக்கா, பக்கத்து ஓட்டைக்கா?" என்று அவரே கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

பிரிஸில்லா பழைய பிரிண்டை ஓரமாகத் தள்ளினாள். புதுத் தாள்களை எடுத்து வைத்தாள். அதே ஓட்டையின் ஆழத்தை அனுராதா ஒரே பார்வையில் படித்தார். பிறகு வெகுநேரம் மூன்று தாளையும் புரட்டிப் பார்த்தார். மூன்று அதிகம், இரண்டாக்க முடியுமா என்று கேட்டார். மேலிடத்தில் இரண்டு தாளுக்குத்தான் அவரால் பேச முடியுமாம். நெருக்காமல் இரண்டாக்க முடிந்தால் செய்கிறேன், முடியாவிட்டால் மூன்றாகத்தான் வரும் என்றாள் பிரிஸில்லா. சொன்ன பிறகுதான், வாடிக்கைக் கம்பெனியிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று தோன்றியது. அனுராதா சிரித்தார்.

இரண்டாக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. ஓட்டை எதுவும் இல்லாத ஒரு பக்கத்தின் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு அட்டவணையை நகர்த்தியபோது வழி கிடைத்தது. கையெழுத்தாகி வந்த அன்றே தணிகைமணி மெஷினுக்குத் திரும்பினார். கங்காதரன் அவரிடம் வருத்தம் எதுவும் சொல்லவில்லை. காலையில் தானே வந்து மெஷினை ஆன் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தணிகைமணி எப்படி எடுத்துக்கொண்டாரோ, யாரிடமும் சொன்னதில்லை. புதுக் கட்டைகள் முப்பது போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு பட்டறையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்த டிராயிங்கையும் கறுப்பில் பிரிண்ட் எடுத்து, அதை வரையாத ஒருவர் மெஷின் முன்னால் நின்று படித்த பிறகுதான் இரும்பைத் தொடுவார்கள். கூட வரைகிற புவனாவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. தன் டிராயிங்கில் பிரிஸில்லா சிவப்பு மையில் வட்டம் போடும்போதெல்லாம் உம்மென்று இருப்பாள். இப்போது அவளே வட்டம் போட்டுக்கொண்டு வருகிறாள்.

போன வாரம் புதிதாக ஒரு கியர்பெட்டிக் கூடு வந்திருக்கிறது. அளவுகள் முன்னூற்று நாற்பதுக்கு மேல். எத்தனை தாள் ஆகும் என்று கங்காதரன் கேட்டார். ஐந்து என்றாள். அவர் பெருமூச்சு விட்டார், குறைக்கச் சொல்லவில்லை. நேற்று முதல் இரண்டு தாளைத் தணிகைமணி படித்தார். இரண்டாவது தாளில் ஒரே பேர் இரண்டு ஓட்டைக்கு இருப்பதைக் கண்டுபிடித்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிரிஸில்லா அதே இடத்தில் நின்று பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு, திருத்துவதற்குக் கம்ப்யூட்டர் இருக்கும் மாடிக்கு ஏறினாள்.